‘நெட் போச்சு’ என்றால் எது போச்சு?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்தில் கம்ப்யூட்டர், கேமரா, கேபிள் இழுக்கும் வேலை எனக்கு. காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள் இரண்டு மூன்று போன் வந்துவிடும். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “நெட் போச்சு.” ஒருவர் வீட்டு டிவியில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். இன்னொருவர் கடையில் பில் போட்டால் பிரிண்டருக்குப் போகாது. ஒருவர், நம்பினால் நம்புங்கள், காரில் புளூடூத் பாட்டு வராததற்கும் இதையேதான் சொன்னார். இந்த மூன்றும் மூன்று தனித்தனி நெட்வொர்க். பிரிண்டருக்கு நான் போக வேண்டும். டிவிக்குப் பெரும்பாலும் லைன்காரர் வர வேண்டும். கார் பாட்டுக்கு யாரும் வரவேண்டாம், போனில் புளூடூத்தை ஒருமுறை அணைத்துப் போட்டாலே பாதி நேரம் சரியாகிவிடும்.

எது போச்சு என்று தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நெட்வொர்க் என்பதற்குத் தமிழில் பிணையம், வலையமைப்பு என்று நல்ல சொற்கள் உண்டு. இரண்டு கருவிகள் பேசிக்கொள்ள ஒரு பாதையும், இரண்டுக்கும் புரிகிற ஒரு பேச்சுமுறையும் இருந்தால் போதும், அது பிணையம்தான். பாதை செம்புக் கம்பியாக இருக்கலாம், கண்ணாடி இழையாக இருக்கலாம், வெறும் காற்றாகவும் இருக்கலாம். இன்டர்நெட் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், இன்டர்நெட் இல்லாமலும் வீட்டுக்குள் ஒரு நெட்வொர்க் ஓடும் என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கிறது.

வகைகள் நான்கு என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள்: பான் (PAN), லேன் (LAN), மேன் (MAN), வான் (WAN). தமிழில் எழுதும்போதே தகராறு. முதலாவதைப் பேன் என்று எழுதினால் தலை அரிக்கும், பான் என்றால் வருமான வரி அட்டை. நாலாவதை வேன் என்று எழுதினால் ஸ்கூல் வேன் வந்து நிற்கும். வான் என்று எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும், ஏன் என்று பின்னால் தெரியும். பாடப்புத்தகம் இந்த நான்கையும் தூரத்தை வைத்துப் பிரிக்கிறது: கையெட்டும் தூரம், ஒரு கட்டடம் அல்லது வளாகம், ஒரு ஊர், அதற்கும் அப்பால். தப்பில்லை. ஆனால் இந்த வேலையில் இத்தனை வருஷம் கிடந்தபிறகு எனக்குப் பயன்படுவது வேறொரு கேள்வி. இந்தக் கம்பி யாருடையது? அறுந்தால் கட்ட வேண்டியவர் யார்?

பானைச் சட்டென்று முடித்துவிடலாம். உங்கள் உடம்பைச் சுற்றி இருக்கும் பிணையம் அது. போன், காதில் மாட்டும் ஹெட்செட், கையில் கட்டும் வாட்ச், கார் ஸ்பீக்கர். சாதாரண புளூடூத் கருவிகள் சுமார் 10 மீட்டர் எட்டும். கம்பி இல்லை, மாத வாடகை இல்லை, பாட்டரியையும் அதிகம் தின்னாது. குறை என்றால் வேகம் கம்மி, தூரம் கம்மி. போதாததற்கு புளூடூத், பழைய வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைப் பகுதியில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சாயாக்கடையில் பணம் வந்ததும் சத்தம் போடுகிறதே ஒரு பெட்டி, அதையும் பலர் புளூடூத் என்று நினைக்கிறார்கள். அதற்குள் பெரும்பாலும் தனியாக ஒரு சிம் இருக்கும். முதலாளி போனை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் அது கத்தும். ஆக, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பெட்டி வான் வகையில்தான் சேரும். தூரத்தை மட்டும் பார்த்து வகை பிரித்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

லேன்தான் என் சோறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன்.

வீடு, கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஒரு வளாகத்துக்குள் உள்ள கருவிகளை இணைப்பது லேன். கம்பி உங்களுடையது, பெட்டி உங்களுடையது, கெட்டால் செலவும் உங்களுடையது. இன்று நாம் போடும் லேனுக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கியது அது. ஆரம்ப காலத்தில் கேபிள் டிவி ஒயர் போன்ற ஒரே கம்பி எல்லா மேசை வழியாகவும் போகும். ஆங்காங்கே ‘டி’ வடிவ இணைப்பி போட்டு கம்ப்யூட்டரை மாட்டுவார்கள். இதற்கு பஸ் அமைப்பு என்று பெயர். கம்பிச் செலவு குறைவு. ஆனால் ஒரு இணைப்பி கழன்றால் மொத்த ஆபீசும் படுத்துவிடும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணன், யாருடைய மேசைக்கடியில் யார் கால் இடறியது என்று மணிக்கணக்கில் தவழ்ந்து தேடிய கதையெல்லாம் சொல்வார்.

இப்போது எல்லாம் நட்சத்திர அமைப்பு. நடுவில் ஸ்விட்ச் என்ற பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கம்பி. ஒன்று அறுந்தால் அந்த ஒன்றுதான் போகும். கம்பி கூடுதலாகும் என்பது ஒரு குறை, நடுப்பெட்டி செத்தால் எல்லாம் செத்தது என்பது பெரிய குறை. கடைக்காரர்களிடம் நான் சொல்வது, ஒரு சின்ன ஸ்விட்சை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. தீபாவளிச் சமயத்தில் பெட்டி செத்தால் அதன் அருமை புரியும்.

இன்னொன்று வளைய அமைப்பு. சுசீந்திரம் கோயிலைச் சுற்றி நாலு ரத வீதி இருக்கிறதே, அப்படி. ஒரு வீதியில் தேர் நின்று வழி அடைத்தாலும் மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடலாம். காற்றாலைகளைக் கண்காணிக்க இந்த மாதிரி கண்ணாடி இழை வளையம் போடுவது வழக்கம். மைல் கணக்கில் கம்பங்கள் பரந்து நிற்கிற இடத்தில் எங்கோ ஒரு இடத்தில் கேபிள் அறுந்தால், ஆள் போய்ச் சேரும்வரை தகவல் நிற்கக் கூடாதல்லவா? முப்பந்தல் வழியாகப் பஸ்ஸில் போகும்போது அந்தக் கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள்.

லேன் கம்பியை இதுவரை உரித்துப் பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். உள்ளே எட்டு இழை. இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஒரு துணை. முறுக்கியிருப்பது அழகுக்கு இல்லை. பக்கத்து ஜோடியிலிருந்தும் கரண்டுக் கம்பியிலிருந்தும் வரும் இடைஞ்சலைத் தணிப்பது அந்த முறுக்கல்தான். எட்டையும் வரிசை மாறாமல் பிளாஸ்டிக் முனையில் செருகி கிரிம்பிங் டூலால் ஒரு அழுத்து. வரிசை இதுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நீலத்தைப் பச்சைக்கு நடுவில் ஏன் கொண்டுவந்து செருகினார்கள் என்று புதுப் பையன்கள் எல்லாரும் கேட்பார்கள். பழைய டெலிபோன் பழக்கம்: நடு இரண்டு முனையும் போன் ஜோடிக்கு.

இதில் ஒரு சூட்சுமம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். 1000 மெகாபிட் வேண்டுமென்றால் நாலு ஜோடியும் வேலை செய்ய வேண்டும். நீலமோ பழுப்போ சரியாக அழுந்தாமல் இருந்தால் பல நேரம் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். பெரிய பிளான் போட்டும் வேகம் 95-ஐத் தாண்டவில்லை என்று புலம்புகிறவர் வீட்டில் கம்பெனியைத் திட்டுமுன் நான் முனையைத்தான் பார்ப்பேன். மலிவுக் கேபிளில் செம்பு இருக்காது, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியிருப்பார்கள். பிளேடால் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று முனைகளைத் தின்றுவிடும் என்பதால் குளச்சல் பக்கம் வேலைக்குப் போனால் முனை விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

செம்புக் கம்பிக்கு ஒரு எல்லை உண்டு, 100 மீட்டர். இதை ஒரு கதையாகச் சொல்கிறேன், என் தவறும் அதில் உண்டு.

குலசேகரம் பக்கம் ஒரு சித்தி. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு. சரிவில் இறங்கினால் ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிற ரோலர் ஷெட், வீட்டிலிருந்து 180 மீட்டர். ஷீட் களவு போகிறது, ஷெட்டில் கேமரா வேண்டும், வீட்டு டிவியில் பார்க்க வேண்டும் என்றார். கம்பி எட்டாது. சரி, இரண்டு பக்கமும் ஏரியல் மாதிரி ஒரு ஜோடி வயர்லெஸ் கருவி வைத்து 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்துவிடலாம் என்று ஒரு ஜனவரி மாதத்தில் வேலையை முடித்தேன். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. பணமும் வாங்கிவிட்டேன். மார்ச்சில் போன். “மக்ளே, படம் நிண்ணு நிண்ணு வருகு.” ஏப்ரலில் அதுவும் இல்லை.

போய்ப் பார்த்தால் கருவியில் ஒரு குறையும் இல்லை. நான் வேலை செய்தது ரப்பர் மரம் இலை உதிர்த்து மொட்டையாக நின்ற நேரம். இப்போது புது இலை வந்து தோட்டம் முழுக்க இருட்டிக் கிடக்கிறது. இலையில் இருப்பது தண்ணீர், தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். அலைவரிசை ஏற ஏற மரத்தையும் சுவரையும் கடக்கும் திறன் குறையும். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் மரத்துக்கு இலை முளைக்கும் என்பது தோன்றவில்லை.

கடைசியில் கண்ணாடி இழைக் கேபிள் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி வைத்தேன். ஒளியை மின்சாரமாகவும் மின்சாரத்தை ஒளியாகவும் மாற்றித் தருவது அது. இழைக்கு 180 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை, கிலோமீட்டர் கணக்கில் போகும். இன்னொரு லாபம் இடி மின்னல். நம் மாவட்டத்தில் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கினால் இரண்டு கட்டடத்துக்கு இடையே இழுத்த செம்புக் கம்பி வழியாகப் பாய்ந்து ஸ்விட்ச், டிவி, கேமரா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வறுத்துவிடும். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. கேபிளோடு தாங்குவதற்கு ஒரு எஃகுக் கம்பி வருமே, அதை மட்டும் சுவருக்கு வெளியிலேயே நறுக்கிவிட வேண்டும். குறை, செலவும் ஒட்டும் வேலையும்: செம்பு அறுந்தால் நானே முனை போடுவேன், இழை அறுந்தால் ஸ்ப்ளைசிங் மெஷின் வைத்திருப்பவரைத் தேட வேண்டும்.

வைஃபையும் லேன்தான், கம்பி இல்லாத லேன். வசதி என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில் எல்லாரும் ஒரே வைஃபையில் ஏறினால் யாருக்கும் நெட் இல்லை என்பது இதனால். 2.4 தூரம் போகும், வேகம் கம்மி. 5 வேகம், ஆனால் நம் பழைய கருங்கல் சுவர்களை அது கடக்காது. நகராத கருவிகளான டிவி, பிரிண்டர், கேமராவுக்குக் கம்பி கொடுங்கள், போனுக்கு மட்டும் காற்றை விடுங்கள் என்பது என் கட்சி.

லேனின் பெரிய நன்மை பகிர்வது: ஒரு பிரிண்டரை ஐந்து பேர், ஒரு கணக்குப் புத்தகத்தை மூன்று மேசையில். ஆபத்தும் அந்தப் பகிர்வில்தான். சின்னக் கடைகளில் ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்துவிட்டிருப்பார்கள். சர்வர் வாங்க வேண்டாம், செலவில்லை. ஆனால் அந்த ஒன்றை அணைத்தால் மற்றதெல்லாம் நிற்கும், ஒன்றில் வைரஸ் ஏறினால் திறந்து கிடக்கிற ஃபோல்டர் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். தனி சர்வர் வைத்தால் யாருக்கு எது தெரியலாம் என்று கட்டுப்படுத்தலாம், பிரதி எடுப்பதும் சுலபம். பணமும் பராமரிப்பும் வேண்டும். கன்னியாகுமரியில் சில லாட்ஜுகளில் சூரிய உதயம் பார்க்க வருபவர்களுக்குக் கொடுக்கும் வைஃபையும் பில் போடும் கம்ப்யூட்டரும் ஒரே லேனில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ரவுட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை திறக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, செய்ய மாட்டார்கள்.

ரவுட்டர் என்றேன். பழைய வீடுகளில் வாசலில் படிப்புரை என்று ஒரு நுழைவுக் கட்டடம் இருக்குமே, அதுதான் ரவுட்டர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஒரு வீட்டு எண் இருக்கும், வெளியே அது செல்லாது. வெளியே போகும் எல்லாத் தகவலும் படிப்புரை வழியாக ஒரே பெயரில் போய், பதில் வந்ததும் உரியவர் கையில் சேரும். உங்கள் கம்பி முடிவதும் அங்கேதான். அதற்கு வெளியே ஊரான் கம்பி.

ஊரான் கம்பியில் முதல் கட்டம் மேன், ஊரளவுப் பிணையம். தெருக் கம்பங்களில் ஓடும் கண்ணாடி இழையைப் புத்தகங்கள் வேறு பெயரிலும் சொல்லும், நான் இங்கே வைக்கிறேன். எக்ஸ்சேஞ்சிலிருந்தோ கேபிள்காரர் கடையிலிருந்தோ ஒரு இழை கிளம்பும். வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டி அந்த ஒளியை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துவிடும். அதற்குக் கரண்டே வேண்டாம், அதனால்தான் இது மலிவு. சுமார் 20 கிலோமீட்டர்வரை போகும். பிரித்துக் குடிப்பதால் ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் படம் பார்க்க உட்காரும்போது வேகம் குறையலாம். அணில் கடிப்பது, ரோடு தோண்டும் ஜேசிபி, தென்னை மட்டை, இந்த மூன்றும் இதற்கு நிரந்தர எதிரிகள். ஒளி வரவில்லை என்றால் வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னும். அப்போது என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை.

அதற்கும் அப்பால் வான். பாங்கு ஏடிஎம், ரயில் முன்பதிவு, ஊர் ஊராகக் கிளை வைத்த ஜவுளிக்கடை எல்லாம் வான். அரசு அலுவலகங்களை இணைக்கத் தமிழ்நாடு அரசுக்கே டிஎன்ஸ்வான் என்று தனியாக ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் பெரிய வான், இன்டர்நெட். அதன் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘லாகின்’ என்று தட்டினார்கள். எல், ஓ என்று இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் மறுமுனை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பிறந்த அன்றே நெட் போச்சு. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல்.

வானின் நன்மையை இந்த மாவட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் ராத்திரி ஷிஃப்டு முடிந்து இங்கே வீட்டுக் கேமராவைத் திறந்து அம்மா கோலம் போடுவதைப் பார்க்கிறான். குறை, கம்பி எத்தனையோ பேர் கை மாறி வருகிறது. மாத வாடகை, தாமதம், பழுது எங்கே என்று தெரியாத நிலை, போதாததற்கு வழியில் யார் எட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம். கேமராவின் பாஸ்வேர்டை வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே விட்டால் மகன் மட்டுமா பார்ப்பான்? கிளைகளை இணைக்கும் கடைகள் விபிஎன் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். பொதுப் பாதையிலேயே பூட்டிய பெட்டியில் சரக்கு அனுப்புகிற மாதிரி அது. களியக்காவிளைப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே போன் கேரளா டவரைப் பிடித்துக்கொள்வதும் வானின் குணம்தான். அலைக்கு மாநில எல்லை தெரியாது, ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் பில்லுக்குத்தான் தெரிந்தது.

வான் எட்டாத இடமும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். மொபைல் டவர் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் எட்டும். படகில் இருக்கும் வயர்லெஸ் செட்டும் அடிவானத்தைத் தாண்டி அதிகம் போகாது. எச்சரிக்கை கரையிலேயே நின்றுவிட்டது. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அதன்பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் நாவிக் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கின. வானத்திலிருந்து வரும் வான். பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் வழியே ஒரு செய்தி ஏறி இறங்கக் கால் நொடி, கேள்வி பதில் என்றால் அரை நொடி. வீடியோ காலில் எரிச்சலூட்டும் தாமதம். புயல் வருகிறது, திரும்பு என்று சொல்ல அது தாராளம்.

போன ஐப்பசியில் இடிமழை அடித்த மறுநாள் காலை குலசேகரம் சித்தி கூப்பிட்டார்.

“மக்ளே, நெட்டு போச்சு. இல்ல, பொறு… ஷெட்டு கேமரா டிவியில தெரியுகு. பெட்டியில சொவப்பு லைட்டு கெடந்து மின்னுகு. கேட்டுக்கு வெளிய தென்ன மட்ட ஒண்ணு ஒயரோட சேந்து விழுந்து கெடக்கு. இது ஒனக்கு உள்ளதா, லைன்காரனுக்கு உள்ளதா?”

“லைன்காரருக்கு உள்ளது சித்தி.”

“அப்பம் நீ வையி” என்று போனை வைத்துவிட்டார்.